வீட்டில் ஒருவர் சிறை சென்றால்: கைது முதல் விடுதலை வரை குடும்பத்தார் செய்ய வேண்டியவை

கும்பகோணத்தில் குற்ற வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில், நான் அதிகம் பேசுவது சிறையில் இருப்பவர்களின் தாய்மாரிடமும் மனைவியரிடமும்தான். சில ஆண்டுகளுக்கு முன், சம்பா நடவு முடியும் தறுவாயில், வலங்கைமான் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கையிலிருந்த மஞ்சள் பையிலிருந்து குடும்ப அட்டையையும் மகனின் ஆதார் அட்டையையும் ஒரு கல்யாணப் பத்திரிகையையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பத்திரிகையின் பின்பக்கத்தில் ஓர் எண் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. தண்ணீர் பட்டு முதல் இலக்கம் கலைந்திருந்தது. அதுதான் மகனுடைய வழக்கின் குற்ற எண். மகன் சிறைக்குப் போய் 71 நாட்கள் ஆகியிருந்தன. அதற்குள் மூன்று பேரிடமாக 38,000 ரூபாய் கொடுத்திருந்தார். அந்த மூவரில் ஒருவர்கூட வழக்கறிஞர் இல்லை. வழக்குக் கட்டைப் பார்த்தபோது, 66-ஆவது நாளில்தான் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருந்தது தெரிந்தது. 60 நாள் முடிந்ததும் ஒரு மனுப் போட்டிருந்தால் அந்தப் பையன் ஜாமீனில் வெளியே வந்திருப்பான். இடைப்பட்ட நாட்களில் அந்த மனுவைப் போட யாரும் இல்லை.

அந்த அம்மாவிடம் அன்பும் உழைப்பும் குறைவில்லாமல் இருந்தன. இல்லாமல் போனவை தேதியும் காகிதமும்தான். ஆகவே வீட்டில் ஒருவர் கைதாகிவிட்டால், பணம் புரட்ட ஓடுவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், சட்டப் பிரிவுகள், முதன்முதலாக ரிமாண்ட் செய்யப்பட்ட (நடுவர் உத்தரவின்பேரில் காவலில் வைக்கப்பட்ட) தேதி, எந்தக் குற்றவியல் நடுவர் முன் நிறுத்தினார்கள், எந்தச் சிறை, சிறையில் தந்த கைதி எண், அடுத்த வாய்தா தேதி ஆகிய எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். யாருக்கு எந்த நாளில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வழக்கு நீதிமன்றத்தில் பதிவானதும் அதற்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் கிடைக்கும், அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தாவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பதிவிறக்கலாம். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளில் மட்டும் அது வெளியிடப்படுவதில்லை.

கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதும், கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு தரும் உரிமைகள். கைதான செய்தியை உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தெரிவிப்பதும் காவல்துறையின் கடமை. நடுவர் முன் நிறுத்தும்போது குடும்பத்தில் ஒருவராவது அங்கே இருக்கப் பாருங்கள். காயம் இருந்தாலும், சர்க்கரை நோய், வலிப்பு போன்றவற்றுக்கு மருந்து சாப்பிடுபவராக இருந்தாலும், அதை நடுவரிடம் வாய்விட்டுச் சொல்லும்படி அவருக்குத் தெரியப்படுத்துங்கள். அன்று பதிவாகும் ஒரு வரி பின்னால் பெரிய துணையாக நிற்கும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்று கடன் வாங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலேயே இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் வட்ட சட்டப்பணிகள் குழுவில் ஒரு மனுக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். இலவசம் என்றால் அக்கறையாகச் செய்யமாட்டார்கள் என்ற எண்ணம் நம் பகுதியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தோடு அடகில் மூழ்கிப்போன எத்தனையோ குடும்பங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'நீதிமன்றத்தில் எனக்கு ஆளைத் தெரியும்' என்று சொல்லும் தரகரைவிட, சட்ட உதவி வழக்கறிஞர் ஆயிரம் மடங்கு மேல். தனி வக்கீல் வைத்தாலும் வக்காலத்தில், அதாவது தனக்காக வழக்காட வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில், சிறையில் இருப்பவரின் கையெழுத்து வேண்டும். அதைச் சிறை அதிகாரி சான்றொப்பமிட்டுத் தருவார். வக்காலத்து எப்போது சிறைக்குப் போனது, எப்போது திரும்பியது என்று கேட்டு அதையும் நோட்டில் குறியுங்கள்.

இப்போது அந்த 60 நாள் கணக்குக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 187-ஆவது பிரிவும், அதற்கு முன்பிருந்த சட்டத்தைப் போலவே, புலன்விசாரணைக்குக் காலக்கெடு வைக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். வணிக அளவிலான கஞ்சா வழக்கில், அதாவது 20 கிலோவுக்கு மேற்பட்டால், 180 நாள். முதல் ரிமாண்ட் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் கேட்பது உரிமை. வழக்கின் தன்மையைக் காட்டி நீதிமன்றம் அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த உரிமை தானாக வந்து கதவைத் திறக்காது. குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன் மனு உள்ளே போயிருக்க வேண்டும். எனவே நோட்டின் முதல் பக்கத்தில் 55-ஆவது நாளும் 85-ஆவது நாளும் எந்தத் தேதியில் வருகின்றன என்று எழுதி வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அன்று வக்கீலைப் போய்ப் பாருங்கள்.

விசாரணை நீண்டுகொண்டே போனால் அதே சட்டத்தின் 479-ஆவது பிரிவை நினைவில் வையுங்கள். அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையிலேயே கழித்துவிட்டவரை, முன்பு தண்டனை பெறாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரை, ஜாமீனில் விட வேண்டும் என்று அது சொல்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. 2024 ஜூலைக்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் தெளிவாக்கியது. இந்த மனுவைப் போட வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கே உண்டு என்றாலும், குடும்பம் நினைவூட்டினால் வேலை விரைவாக நடக்கிறது.

ஜாமீன் உத்தரவு வந்த அன்றே பெரும்பாலானோர் வீட்டில் விளக்கேற்றிவிடுகிறார்கள். டெல்டாவில் உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. உத்தரவில் வழக்கமாக இரண்டு ஜாமீன்தாரர்கள் கேட்கப்படுவார்கள். அவர்களுடைய ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, சில வேளைகளில் கிராம நிர்வாக அலுவலரின் சான்று எல்லாம் வேண்டும். நம் பகுதியிலோ விவசாயக் கூலிக் குடும்பங்களில் பல, கோயில் மனையிலோ மடத்து இடத்திலோ வாய்க்கால் புறம்போக்கிலோ தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவை; பட்டா என்ற காகிதத்தையே கண்ணால் காணாதவை. சொத்து உள்ளவர் ஜாமீன்தாரராக வர வேண்டுமென்றால் பண்ணை வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஈடாக அடுத்த அறுவடைவரை அவர் வயலில் உழைத்துக் கழிக்க நேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். இதற்கு ஆளாக வேண்டியதில்லை. ஜாமீன்தாரர் வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக நிராகரிக்கக் கூடாது என்று 1978-லேயே, மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். அந்த ஏழையிடம் அன்றைய காலத்தில் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழங்கிய வழிகாட்டுதல்களின்படி, ஜாமீன் உத்தரவு கிடைத்து ஏழு நாளுக்குள் ஒருவர் விடுதலையாகவில்லையென்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம். ஜாமீனில் விடத்தக்க குற்றமாக இருந்து, ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாதவரை வறியவராகக் கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்பது அதே புதிய சட்டத்தின் 478-ஆவது பிரிவு. ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகையோ அபராதமோ கட்ட உதவும் மத்திய அரசின் திட்டமும் 2023 முதல் இருக்கிறது. அதற்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள்.

உயர் நீதிமன்றம் போக வேண்டி வந்தால் எங்கே போவது என்பதில் நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி குழம்புகிறார்கள். தஞ்சாவூர், திருச்சி மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட வழக்குகள் சென்னைக்குப் போகும். கும்பகோணத்துக்காரர் மதுரை வண்டி ஏறும்போது, பக்கத்திலேயே இருக்கும் குடவாசல்காரர் சென்னை வண்டி ஏற வேண்டும். ஆள் எந்த ஊர் என்பது இதற்குக் கணக்கில்லை. வழக்குப் பதிவான காவல் நிலையம் எந்த மாவட்டத்தில் உள்ளது என்பதுதான் கணக்கு. குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டிருந்தால் சாதாரண ஜாமீன் மனு பயன்படாது. அந்தத் தடுப்பு ஆணையையே எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட வேண்டும்.

இனி, சிறைக்குப் போய்ப் பார்ப்பதைப் பற்றி. 'மனு பார்க்கப் போவது' என்றுதான் நம் மக்கள் இதைச் சொல்வார்கள். கிளைச் சிறையில் இருக்கும்வரை எப்படியோ பார்த்துவிடுகிறார்கள். திருச்சி மத்திய சிறைக்கு மாற்றிவிட்டால், வேதாரண்யத்திலிருந்தோ தலைஞாயிறிலிருந்தோ புறப்படுபவருக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் சேர்ந்தே போய்விடும். ஆகவே கிளம்புவதற்கு முன், எந்தெந்தக் கிழமை, எத்தனை பேர் வரலாம், முன்பதிவு வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 'இ-முலாகாத்' என்ற இணைய முன்பதிவும் உண்டு. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையிடம் சொன்னால் பதிந்து தருவார். ஆதார் அசலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பீடி, சிகரெட், கைபேசி, பொட்டலம் எதையும், யார் கொடுத்து அனுப்பினாலும், வாங்கிக்கொள்ளாதீர்கள். அப்படி ஒரு பொட்டலத்துக்காகத் தங்கையும் வழக்கில் சிக்கிய குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில் வழக்கைப் பற்றிப் பேசித் தீர்க்க முடியாது. அங்கே பேசுவது மற்றவர் காதிலும் விழும். சம்பவத்தைப் பற்றிய எதையும் வக்கீலிடம் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் வாங்கினான், பசு கன்று போட்டதா, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, குறுவைக்கு நாற்று விட்டாயிற்றா என்று பேசுங்கள். உள்ளே இருப்பவர் கேட்க ஏங்குவது இவற்றைத்தான். சாப்பிட்டாரா, தூங்குகிறாரா, மருந்து கிடைக்கிறதா என்பதை முகத்தைப் பார்த்தே கேளுங்கள். பேச்சு குறைந்து, பார்வை தாழ்ந்து, 'இனிமேல் வராதீர்கள்' என்று சொல்லத் தொடங்கினால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றே சிறை மருத்துவரிடமோ நல அலுவலரிடமோ சொல்லுங்கள், வக்கீலுக்கும் தெரிவியுங்கள். வர முடியாத வாரங்களில் ஓர் இன்லண்ட் கடிதம் போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளையை எழுதச் சொல்லலாம். அந்தக் கடிதம் உள்ளே பலமுறை படிக்கப்படும்.

வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் 'அப்பா வெளிநாடு போயிருக்கிறார்' என்று சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. கிராமத்தில் அந்தப் பொய் ஒரு வாரம்கூடத் தாங்காது. பள்ளிக்கூடத்தில் வேறொரு பிள்ளையின் வாயிலிருந்து உண்மையைக் கேட்பது இன்னும் பெரிய காயம். வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள். பள்ளிக்குப் போவதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். கைதானவர் தாய் என்றால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை அவரோடு வைத்துக்கொள்ள வழியுண்டு. படிப்புக்கோ பராமரிப்புக்கோ ஆளில்லாத நிலையில் 1098-ஐ அழையுங்கள். அல்லது ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை விசாரித்துப் பாருங்கள். மகளிர் குழுத் தவணையும் நுண்கடன் தவணையும் இந்த மாதங்களில் தவறும். கடன்காரர் வீட்டு வாசலுக்கு வருமுன் நீங்களே போய் நிலைமையைச் சொல்லி அவகாசம் கேளுங்கள்; ஒரு தவணையை அடைக்க மீட்டர் வட்டிக்கு இன்னொரு கடன் வாங்க வேண்டாம்.

தண்டனைக் கைதியாக இருந்தால், நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய், திருமணம் ஆகியவற்றுக்கு 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்கீழ் அவசர விடுப்பு கேட்கலாம். விசாரணைக் கைதிக்கு அந்த விதி பொருந்தாது. அவருக்காக நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன் கேட்க வேண்டும். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க மகன் வர வேண்டும் என்றால் எங்கே மனுப் போடுவது என்று தெரியாமல் அந்த ஒரு பகலை இழந்துவிடாதீர்கள்.

விடுதலை உத்தரவு சிறை பூட்டும் நேரத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் மறுநாள் காலைதான் வெளியே விடுவார்கள். எனவே வாசலில் காத்திருப்பவர் இரவுக்கும் ஏற்பாட்டோடு போக வேண்டும். வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காக நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் ஆணை) ஏதும் இருக்கிறதா என்று முன்னதாகவே வக்கீலிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் வாசலிலேயே மறுபடி கைதாக நேரலாம். வீட்டுக்கு வந்தவருக்குத் தலைக்கு ஊற்றிச் சோறு போட்டதும், ஜாமீன் உத்தரவில் உள்ள நிபந்தனையை நோட்டில் எழுதுங்கள். எந்தக் காவல் நிலையத்தில், தினமும் எத்தனை மணிக்குக் கையெழுத்து என்பதைப் பெரிதாக எழுதி, போட்டுவிட்டு வந்த ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஒரு குறி இடுங்கள். நடவு வேலைக்கோ கொத்து வேலைக்கோ அந்த நேரம் இடையூறாக இருந்தால் நின்றுவிடாதீர்கள். முதலில் நிபந்தனைத் தளர்வு மனுப் போட்டு, உத்தரவு கைக்கு வரும்வரை நாள் தவறாமல் போய்வாருங்கள்.