ஆறு வயதுப் பிள்ளைக்குத் தலைவலியா?

“இந்த வயசுல என்ன டாக்டர் தலைவலி? ஹோம்வொர்க் எழுதச் சொன்னாதான் வருது” என்றார் அப்பா. பையன் அம்மாவின் துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான். தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, “தலை வலிக்கும்போது எப்படி இருக்கும்னு வரைஞ்சு காட்டு கண்ணா” என்றேன். வட்டமாக ஒரு முகம். நெற்றியில் ஒரு சுத்தியல். மேலே டியூப்லைட் வரைந்து, தாள் கிழிகிற அளவுக்கு அதைக் கறுப்பால் அடித்துவிட்டான். வாயிலிருந்து பச்சைக் கோடுகள். இடிக்கிற வலி, வெளிச்சம் ஆகாமை, வாந்தி என்று நான் கேட்க நினைத்த எல்லாவற்றுக்கும் அந்தத் தாளிலேயே பதில் இருந்தது.

அவனுக்கு இருந்தது மைக்ரேன். அதற்கு நாம் வைத்திருக்கும் ஒற்றைத் தலைவலி என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் வலிப்பதில்லை. நெற்றி முழுக்க, இரண்டு பக்கமும் வலிக்கும். இரண்டு மணி நேரத்தில்கூட அடங்கிவிடலாம். வாந்தி எடுத்து, தூங்கி எழுந்ததும் பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு ஓடும். நடிப்பு என்ற பழி வருவது இங்கேதான். தயவுசெய்து நம்புங்கள், அது நடிப்பில்லை. சில பிள்ளைகளுக்குத் தலையே வலிக்காது. முகம் வெளுத்து, தொப்புளைச் சுற்றி வலிக்கும். அதுவும் மைக்ரேனின் ஒரு வடிவமாக இருக்கலாம். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டதும் அந்த அம்மா தயங்கி, “எனக்குக் காலேஜ்லேருந்தே இருக்கு டாக்டர்” என்றார். பல குடும்பங்களில் இது வழிவழியாக வருவதுதான்.

வலி தொடங்கியதும் மருந்து கொடுத்துவிட வேண்டும். பொறுத்துப் பார்ப்போம் என்று இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தால், பாதி வாந்தியில் போய்விடும், மீதி வேலை செய்யாது. அளவு வயதுக்கு அல்ல, எடைக்கு: பாராசிட்டமால் என்றால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு வீரியம் இருப்பதால் லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். இபுப்ரோஃபென்னும் நன்றாகக் கேட்கும். ஆனால் காய்ச்சலோடு வரும் தலைவலிக்கு அது வேண்டாம், டெங்குவாக இருந்தால் ஆபத்து. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வலி மருந்து தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள். அடிக்கடி கொடுத்தால் மருந்தே தலைவலியைக் கொண்டுவரும்.

பிறகு லைட்டை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுக்க வையுங்கள். டிவியை நிறுத்துங்கள், சமாதானப்படுத்த போனைக் கையில் கொடுக்க வேண்டாம். தைலம் தேய்க்கப் பாட்டிகள் அன்போடு வருவார்கள். அந்த நெடியே சில பிள்ளைகளுக்குக் குமட்டலைக் கூட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் “இப்ப எப்படிடா இருக்கு?” என்று எழுப்பாதீர்கள். தூக்கத்தைப் போல இதை அடக்குவது வேறொன்றும் இல்லை.

வலி வரும் காரணங்களை நான் பெரும்பாலும் ஸ்கூல் வேன் வரும் நேரத்திலிருந்துதான் தேடுவேன். ஏழு மணி வேனுக்கு அரை டம்ளர் பாலோடு ஓடுகிற பிள்ளை, ஸ்கூல் பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காத பிள்ளை, பத்தரைக்குப் படுக்கிற பிள்ளை. தினசரி தடுப்பு மாத்திரைக்கு நான் அவசரப்படுவதில்லை. 8 முதல் 17 வயதுள்ளவர்களிடம் அமிட்ரிப்டிலின், டோபிராமேட் என்ற இரண்டு தடுப்பு மருந்துகளையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 2017-ல் வந்த பெரிய ஆய்வில், அவை வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. சாப்பாடு, தண்ணீர், தூக்கம் மூன்றையும் முதலில் நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காலையில் எழுந்ததும் வாந்தி, நடையில் தள்ளாட்டம், புதிதாக மாறுகண், வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பிடரியில் மட்டும் வலி, நாளுக்கு நாள் கூடும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் மைக்ரேன் என்று நீங்களே முடிவு கட்டாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்து வயதுக்குள் தலைவலி என்றாலும் அப்படித்தான்.

அந்தப் பையனின் வகுப்பு டீச்சருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன்: அவன் நெற்றியில் கை வைத்தால் கேள்வி கேட்காமல் படுக்க விடுங்கள், வீட்டுக்குப் போன் செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து அப்பா மட்டும் வந்தார், கையில் சுருட்டிய தினசரிக் காலண்டர் தாள்களோடு. வலி வந்த நாட்களின் தாள்கள் அவை, நான்கே நான்கு. ஒவ்வொன்றின் பின்னாலும் அவர் கையெழுத்து: “டிபன் சாப்பிடல.” “கல்யாண வீடு, தூங்க லேட்.” “வெயில்ல கிரிக்கெட்.” கடைசித் தாளில், “காரணம் தெரியல. உடனே மருந்து குடுத்தேன், பக்கத்துல படுத்துக்கிட்டேன்.”