முறிகண்டியில் மட்டும் முரண்டு பிடிக்கும் கார்

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் ஒரு குறையுமில்லாமல் ஓடிவந்த கார், முறிகண்டியில் முரண்டு பிடிக்கும். பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து திறப்பைத் திருப்பினால், நாலைந்து தரம் இழுத்துத்தான் பற்றும். அதே கார் கிளிநொச்சியில் மூன்று மணித்தியாலம் நின்றபின் சட்டென்று ஸ்ரார்ட் ஆகும்.

எஞ்சின் அறை அதிகம் சூடாவது ஓடும்போதல்ல, நிறுத்திய பிறகு. தண்ணீர்ப் பம்பும் எதிர்க்காற்றும் நின்றுவிட, இரும்பில் ஊறிய வெப்பம் பொனற்றுக்குள் பரவுகிறது. பத்து, இருபது நிமிடத்தில்தான் உச்சம். கச்சான் கொறிக்கும் நேரமும் அதுதான்.

பெற்றோலின் இலகுவான கூறுகள் 40 பாகை செல்சியசுக்குள்ளேயே கொதிக்கக் கூடியவை. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். பல கார்களில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 3 பார் (bar). பம்பின் தடுப்பு வால்வு கசிந்தால் அழுத்தம் இறங்கி, குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் அடைத்துக்கொள்ளும். (பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவர்களுக்கு இது நேரெதிர். அது குளிரில் ஆவியாகாது. சில துளி பெற்றோல் விட்டுத்தான் கிளப்பவேண்டும்.)

சோதிப்பது எளிது. ஸ்ரார்ட் வரை போகாமல், திறப்பை ‘ஓன்’ நிலையில் இரண்டு செக்கன் வைத்து மூடுங்கள். மூன்று தரம் செய்யுங்கள். ஒவ்வொரு தரமும் பின்பக்கம் பம்ப் மெல்ல இரைவது கேட்கும். அதன்பின் உடனே பற்றினால், அழுத்தம்தான் இறங்கியிருக்கிறது. மாறாக, அக்சிலேட்டரை முழுதாக மிதித்தபின்தான் பற்றுகிறது, பெற்றோல் மணக்கிறது என்றால் எரிபொருள் கூடிப்போயிற்று. பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர் ஒழுகலாம். வெப்பநிலை சென்சரும் பொய் சொல்லலாம்: சூடேற அதன் மின்தடை குறையவேண்டும், குறையாவிட்டால் கணினி மார்கழி விடியல் என்று நினைத்துப் பெற்றோலை அள்ளி ஊற்றும்.

இதெல்லாம் எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றாதபோது. சுற்றுவதே மந்தம் என்றால் கதை வேறு. பலர் உடனே பற்றரியை மாற்றுகிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்ரார்ட்டர் மோட்டருக்குள் இருப்பது செம்புக் கம்பி. செம்பின் மின்தடை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.4 வீதம் கூடும். புகைபோக்கிக்குப் பக்கத்தில் வேகும் ஸ்ரார்ட்டர் 60 பாகை கூடச் சூடானால், தடை கிட்டத்தட்ட கால்வாசி ஏறிவிடும். தேய்ந்த ஸ்ரார்ட்டர், துருப்பிடித்த எர்த் வயர் எல்லாம் அப்போதுதான் வெளிப்படும். சுற்றும்போது பற்றரியில் மீற்றர் வையுங்கள். 10 வோல்ற்றுக்கு மேல் நின்றும் மந்தமாகச் சுற்றினால், முதலில் வயரையும் ஸ்ரார்ட்டரையும் பாருங்கள்.