80ஜி சான்றிதழைக் காட்டினால் ஜிஎஸ்டி போய்விடுமா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது. டிரஸ்ட் நடத்தும் ஒரு சிறு மருத்துவமனையின் செயலாளர், லேமினேட் செய்த 80ஜி சான்றிதழை என் மேஜையில் வைத்தார். "இதைக் காட்டியும் கம்பெனிக்காரன் ஜிஎஸ்டி போட்டுத்தான் சார் பில் அனுப்பினான்!"

வாங்கியது ஸ்கேன் மெஷின், 6 லட்சம். 2025 செப்டம்பர் 22 வரிக் குறைப்புக்கு முந்தைய பில், அதனால் 12 சதவீதம்: 72,000 ரூபாய். இவர் 6 லட்சத்தை மட்டும் அனுப்பிவிட்டு, 'நாங்கள் தர்ம ஸ்தாபனம்' என்று லெட்டர்பேடில் எழுதி சீல் குத்தியிருக்கிறார். பதிலுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்து நிற்கிறது.

80ஜி வருமான வரிச் சமாசாரம். நன்கொடை கொடுத்தவருக்கு அவருடைய வரியில் சலுகை. 12ஏ பதிவு உங்கள் டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரிச் சலுகை. இரண்டுக்கும் நீங்கள் வாங்கும் பொருளின் பில்லுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மெஷின் விற்பவருக்கு, வாங்குவது ஏசி போட்ட பெரிய ஆஸ்பத்திரியா, பத்து ரூபாய் ஓபி சீட்டு கிளினிக்கா என்ற பேதம் கிடையாது. வரி போட்டே ஆகவேண்டும். கட்டியதை ரீஃபண்ட் கேட்கலாமா? முடியாது. இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது? அதுவும் இல்லை, நீங்கள் தரும் சிகிச்சைக்கு வரி இல்லையே.

ஆமாம், விலக்கு அங்கேதான் இருக்கிறது: 2017 ஜூன் 28 தேதியிட்ட 12/2017 ஜிஎஸ்டி அறிவிப்பில், சிகிச்சை என்ற சேவைக்கு. அதுவும் நீங்கள் டிரஸ்ட் என்பதற்காக இல்லை. லாபத்துக்கு நடக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதே விலக்குதான். இதைச் சொன்னால் செயலாளர்களின் முகம் சுருங்கிவிடுகிறது.

சரி, மெஷின் ஒருமுறை செலவு. எனக்குக் கவலை மருந்து ஜன்னல். படுக்கையில் இருக்கும் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து சிகிச்சையோடு சேர்ந்தது, வரி இல்லை. ஓபி முடித்து ஜன்னலில் பிரஷர் மாத்திரை வாங்கிப் போகிறாரே, அது விற்பனை. ஓபி, லேப், ஸ்கேன் வரவு ஆண்டுக்கு 18 லட்சம், ஜன்னலில் வரியுள்ள மருந்து 4 லட்சம் என்று வையுங்கள். "நாலு லட்சத்துக்கு ஜிஎஸ்டி பதிவு எதுக்கு சார்?" என்பார்கள். வரி இல்லாத அந்த 18 லட்சமும் மொத்த விற்றுமுதலில் சேரும். ஆக 22 லட்சம். பதிவுக்கான வரம்பு 20 லட்சம். சிகிச்சை மட்டும் என்றால் எத்தனை லட்சம் வந்தாலும் பதிவு வேண்டாம். ஜன்னலைத் திறந்தீர்களோ, கணக்கு மாறிவிடும்.

நன்கொடையை இதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஃபேன் இறக்கையில் 'உபயம்: இன்னார், தந்தையின் நினைவாக' என்று எழுதினால் பிரச்சினை இல்லை; 2019 அக்டோபர் ஜிஎஸ்டி சுற்றறிக்கை தெளிவாகவே சொல்கிறது. அதே ஃபேனில் கடை பெயர், போன் நம்பர், 'சிறந்த பட்டுப்புடவைகளுக்கு' என்று வந்தால் அது விளம்பரம், வரி உண்டு.

இனி கொட்டேஷன் வாங்கும்போதே வரியையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். படுக்கை நோயாளிகளின் (ஐபி) மருந்துக்கும் ஓபி மருந்துக்கும் தனித்தனி பில் புத்தகம் வையுங்கள், ஒரே நோட்டில் எழுதாதீர்கள். முன்பக்கக் கடையை டீக்கடைக்கு விட்டிருந்தால் அந்த வாடகையையும் ஆடிட்டரிடம் சொல்லுங்கள்; ஒளிக்க அதில் ஒன்றுமில்லை. அப்புறம், ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணுங்கள், தயவுசெய்து. ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் எடுப்பேன். நோட்டீஸ் வந்தபின் கூப்பிட்டாலும் எடுப்பேன், குரல்தான் வேறு மாதிரி இருக்கும்.