சில்வண்டு இறக்கை மோப்பம் பிடிக்காது

சில்வண்டு இறக்கையின் நுண்வடிவத்தை ஒளியிழை (ஆப்டிகல் ஃபைபர்) முனையில் அச்செடுத்து ரசாயன சென்சார் செய்யும் மதுரைப் பக்கத்துக் கல்லூரி ப்ராஜெக்ட் அறிக்கைகளில் மறுபடியும் அதே வரி: "சில்வண்டு இறக்கையின் நானோ தூண்கள் ரசாயனத்தைக் கண்டறிகின்றன." கண்டறியாது. தயவுசெய்து இனி எழுதாதீர்கள்.

ஏறத்தாழ 200 நானோமீட்டர் இடைவெளியில் நிற்கும் அந்தத் தூண்கள் இறக்கையில் ஒளி பிரதிபலிப்பதைக் குறைப்பவை. இறக்கை எதனால் ஆனதோ அந்தக் கைட்டின் ஃபைபர் முனைக்கு வருவதே இல்லை. அங்கே இருப்பது அச்சில் வார்த்த பிசின், வெறும் மேடுபள்ளம். வேலை செய்வது அதன்மேல் படியும் வெள்ளி. லேசர் பட்டதும் வெள்ளி இடுக்குகளில் ஒளிப்புலம் குவிகிறது. அங்கே ஒட்டிய மூலக்கூறின் ராமன் சிதறல் (அது எந்த மூலக்கூறு என்று காட்டும் ஒளிச்சிதறல்) பல மடங்கு பெருகுகிறது. சில நானோமீட்டர் தள்ளிப்போனாலே பலன் சரிந்துவிடும். 2009இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் இறக்கையை ஃபைபர் முனையில் அச்செடுத்தபோதும் வெள்ளி பூசித்தான் அளந்தார்கள். இறக்கை தருவது வடிவம் மட்டுமே.

ரோடமைன் 6ஜி சிக்னல் வந்ததும் "சென்சார் தயார்" என்பது அடுத்த அவசரம். அந்தச் சாயம் மிக எளிதில் சிக்னல் தரும். மல்லிகைத் தோட்டத்தில் தெளிக்கும் மருந்தெல்லாம் அப்படி அல்ல. தைரம் என்ற பூஞ்சைக்கொல்லி போலக் கந்தகம் உள்ளவை வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காதவை எவ்வளவு இருந்தாலும் தெரியாமல் போகலாம்.

இறக்கைமேல் ஊற்றி எடுக்கும் அச்சுக்குப் பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) திரவத்தையும் அதன் உறைப்பானையும் பத்துக்கு ஒன்று என்ற எடையில் கலந்து, காற்றுக்குமிழை வெற்றிடத்தில் எடுத்து, 60-70 டிகிரியில் உறைய விடுங்கள். லேடக்ஸ் கையுறை கூடவே கூடாது: அதிலுள்ள கந்தகம் பிளாட்டினம் வினையூக்கியைக் கெடுத்து, பிசுபிசுவென்று உறையாமல் நிற்கும். சாதாரணப் பிடிஎம்எஸ் மென்மையானது, இவ்வளவு நுண்ணிய வடிவம் அதில் சாய்ந்துவிடும். இறக்கையை ஒட்டிய மெல்லிய அடுக்குக்குக் கடினவகையே நல்லது.

ஃபைபரைக் கிளீவரில் (ஃபைபர் வெட்டும் கருவி) வெட்டுங்கள், கத்தரிக்கோலில் அல்ல. முனை ஒரு டிகிரிக்கு மேல் சாய்ந்தால் அச்சு ஒருபக்கமே பதியும். ஃபைபரைக் குட்டையாக வையுங்கள். நீளம் கூடக்கூடச் சிலிக்காவின் சொந்த ராமன் சிக்னல், குறிப்பாக 500 செ.மீ⁻¹ அலைஎண்ணுக்குக் கீழே, உங்கள் சிக்னலை மூடிவிடும். வெள்ளி பூசிய முனையைத் திறந்து போடாதீர்கள். கொலுசு கறுப்பது போல இதுவும் கறுக்கும், அன்றே அளந்துவிடுங்கள்.

வெட்டும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். 125 மைக்ரான் கண்ணாடித் துண்டு விரலில் ஏறினால் தேடி எடுப்பது பெரும்பாடு. துண்டுகள் மூடியுள்ள டப்பாவுக்குள்தான் போகவேண்டும். 785 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதற்கான பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

சில்வண்டு பிடிக்க அழகர்மலைக் காட்டுக்குள் போகவும் வேண்டாம். ஊருக்குள் மரத்தடியில் செத்து விழுந்ததன் நிறமில்லாத இறக்கை போதும். அதில் ஐந்து மில்லிமீட்டர் சதுரத் துண்டு நூறு முனைகளுக்குக் காணும்.