வைரத்துக்கு எதற்கு 'வெட்டு'?

வைரத்தின் தரம் பார்க்க நாலு விஷயம் என்று நகைக்கடைக் கையேடுகளில் போட்டிருக்கிறார்கள்: காரட், நிறம், தெளிவு, வெட்டு. முதல் மூன்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆங்கில 'கட்' (cut) என்பதை அப்படியே பெயர்த்த இந்த 'வெட்டு' கண்ணில் பட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. கல்லில் பக்கங்கள் எப்படித் தீட்டப்பட்டிருக்கின்றன என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். உறவில் ஒரு கல்யாணத்துக்காக வைரம் பதித்த ரிங் கம்மல் எடுக்கப் போனோம். கோவையில் ஒரு கடையில் கொடுத்த அட்டையில் 'வெட்டு: மிகச் சிறப்பு' என்று அச்சடித்திருந்தார்கள். கூட வந்த பெரியம்மா அதைப் படித்துவிட்டு, "ஏனுங்க தம்பி, கல்லுல வெட்டு உளுந்திருக்குதுங்களா? அப்ப வேற காட்டுங்க" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். கல்லில் வெட்டு என்றால் எங்கள் பக்கம் விரிசல், இல்லாவிட்டால் சில்லு பெயர்ந்த இடம்.

இதற்குத் தமிழில் வெகுகாலமாகப் புழங்கும் சொல் பட்டை. தட்டையாக அமைந்த பக்கம் என்று பொருள். கோயிலில் எட்டுப்பட்டைத் தூண் என்கிறோம்; காஞ்சி கைலாசநாதர் கோயில் கருவறையில் இருப்பது பதினாறு பட்டை லிங்கம். கல்லில் இப்படிப் பக்கங்களை உண்டாக்குவது பட்டை தீட்டுதல். எழுதப் படிக்கத் தெரியாதவரும் 'பட்டை தீட்டிய வைரம்' என்றுதான் சொல்வார். 'வெட்டிய வைரம்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வெட்டு தூய தமிழ்ச் சொல்தானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. தமிழ்ச் சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் 'கட்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் போகிற இடமெல்லாம் தமிழில் வெட்டு வருமா? முடியை வெட்டுகிறோம், கரும்பை வெட்டுகிறோம், மின்சாரம் நின்றால் மின்வெட்டு என்கிறோம். நெல்லை அறுக்கிறோம், காயை நறுக்குகிறோம், பென்சிலைச் சீவுகிறோம். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வினை வைத்திருக்கிற மொழியில், மணிக்கல் வேலைக்கு மட்டும் இருக்கிற சொல்லைத் தள்ளிவிட்டு அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டுவது தமிழ்ப்பற்று ஆகாது. அப்புறம், வைரத்தோடு 'வெட்டு' சேர்ந்தால் ஏற்கெனவே வேறொரு பொருள் இருக்கிறது: சுரங்கத்தில் வெட்டி எடுப்பது.

வேலையைப் பார்த்தாலும் இந்தச் சொல் பொருந்தவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டினால் அளவு அங்கேயே வந்துவிடும். வைரம் அப்படி வராது. தீட்டாத கரட்டுக்கல்லை முதலில் அறுப்பதும் பிளப்பதும் உண்டு, சரி. தரம் போடுவது அதற்கல்ல. வைரப் பொடியும் எண்ணெயும் பூசிய சாணைச் சக்கரத்தில் ஒவ்வொரு பக்கமாகத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவருகிற கோணம், அளவுப் பொருத்தம், மெருகு, இரு பக்கமும் ஒத்திருத்தல், இவற்றுக்குத்தான் தரம். வட்ட வைரத்துக்கு 57 பட்டை. அடிநுனியிலும் ஒன்று வைத்தால் 58. கீழ்ப்பாகம் ரொம்ப ஆழமாகவோ தட்டையாகவோ போய்விட்டால் மேலே நுழைந்த ஒளி திரும்பி வராமல் அடியில் கசிந்துவிடும். கல் மங்கித் தெரியும். பெல்ஜியப் பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் கணக்குப் போட்டுக் காட்டியது இந்தக் கோணங்களைத்தான். நாலு குணங்களில் நிறமும் தெளிவும் பெரும்பாலும் பூமிக்குள்ளேயே முடிவாகிவிடுகின்றன. முழுக்க மனிதக் கையில் இருப்பது பட்டை ஒன்றுதான். அந்தக் கைவேலையை 'வெட்டு' என்று எழுதுவது எனக்கு மனத்தாங்கலாகவே இருக்கிறது. அதுவும் கொங்கு நாட்டில்! சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். அங்கே படிகமும் சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லும் பாதி தேய்த்த நிலையில் மணிகளாகவே தோண்டக் கிடைத்திருக்கின்றன. கல்லைத் தேய்த்து மணியாக்கும் தொழில் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இதைவிடக் கொடுமை, 'பிரின்சஸ் கட்', 'எமரால்டு கட்' என்ற வைர வடிவங்களுக்கு வைத்திருக்கும் 'இளவரசி வெட்டு', 'மரகத வெட்டு'. முதலாவதைப் படித்தால் யாரோ இளவரசியை வெட்டியது போல இருக்கிறது. இரண்டாவது ஆளையே ஏமாற்றும்: மரகத வெட்டு வைரம் என்றால் பச்சைக்கல் ஏதோ சேர்ந்திருக்கிறது என்றுதானே வாங்குகிறவர் நினைப்பார்? முதலாவதைச் சதுரப் பட்டை என்றும், படிக்கட்டு போல இறங்கும் இரண்டாவதைப் படிப்பட்டை என்றும் சொன்னால் கல்லே கண்முன் வந்து நிற்கும். தரத்தைச் சொல்லப் பட்டைத்தரம் போதும். வட்டமா, சதுரமா, நீளமா என்பது வடிவம். அது தனி வரியில் வரட்டும். இப்போது இரண்டையும் 'வெட்டு' என்ற ஒரே தலைப்பில் போட்டுக் குழப்புகிறார்கள்.

பட்டை என்றால் மரப்பட்டை, கறிப்பட்டை, நெற்றியில் திருநீற்றுப் பட்டை எல்லாம் நினைவுக்கு வருமே என்பார்கள். நகைக்கடையில் நின்றுகொண்டு யாரும் பிரியாணிச் சாமானை நினைக்கப் போவதில்லை.

'தெளிவு' பற்றியும் ஒரு வார்த்தை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை வைரத்தின் குற்றங்களைக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று பெயர் சொல்லியே எண்ணுகிறது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் இன்று தேடுவதும் உள்ளே இருக்கிற புள்ளியையும் கீற்றையும்தான். மாசு என்று எழுதினால் உடனே விளங்கும். காரட்டுக்கு மாற்றுச் சொல் தேடி நான் சண்டை போட மாட்டேன். ஆனால் தங்கத்தின் காரட் அதன் சுத்தத்தைக் குறிக்கிறது, வைரத்தின் காரட் எடையைக் குறிக்கிறது (ஒரு காரட் 200 மில்லிகிராம்) என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் என்ன? 18 காரட் கம்மல் என்றதும் வைரமே 18 காரட் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ரிங் கம்மலுக்குப் பட்டை என்ற சொல் இன்னும் அவசியம். அதில் வரிசையாகப் பதிப்பது ஒன்றிரண்டு சென்ட் (ஒரு சென்ட் என்பது காரட்டில் நூறில் ஒரு பங்கு) எடையுள்ள பொடிக்கற்கள். இந்தச் சின்னக் கற்களுக்குக் கல்லுக்கொரு சான்றிதழ் பொதுவாக வராது. மொத்த எடையைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். பொடிக்கல்லில் 57 பட்டையும் உண்டு, வேலையைக் குறைத்து 17 பட்டையோடு நிறுத்தியதும் உண்டு. எடை ஒன்றாக இருந்தாலும் மினுமினுப்பு ஒன்றாக இருக்காது. 'வெட்டு எப்படி?' என்று கேட்டால் 'மிகச் சிறப்பு' என்று சொல்லித் தப்பித்துவிடலாம். "இந்தப் பொடிக்கல்லுக்கு எத்தனை பட்டைங்க?" என்று கேட்டால் எண்ணித்தான் பதில் சொல்ல வேண்டும்.