அரைகுறையாக இருக்கும்போதே காட்டுங்கள்

கடும் கிருமித்தொற்றோடு வருகிறவர்களுக்கு முதல் டோஸ் ஆன்டிபயாடிக் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது? இதுதான் என் ஆய்வுக் கேள்வி. எட்டு மாதம், 140 கேஸ் ஷீட்டுகள். ஒவ்வொன்றிலும் மருந்து நேரத்தைத் தேடிக் குறித்தேன். எல்லாம் முடிந்த பிறகு காட்டலாம் என்று யாரிடமும் பேசவில்லை. கடைசியில் வரைபடங்களோடு துறைக் கூட்டத்தில் வைத்தேன். பின்வரிசையிலிருந்த வார்டு சிஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“டாக்டர், அது மருந்து போட்ட நேரம் இல்லை. வார்டு கொஞ்சம் ஓய்ந்த பிறகு நாங்கள் உட்கார்ந்து எழுதுகிற நேரம்.”

முதல் வாரமே கேட்டிருந்தால் இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

அதனால் இப்போது முதுநிலை மாணவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். மேலே கேள்வி, கீழே யாரைச் சேர்ப்போம், எதை அளப்போம், அவ்வளவு போதும். கூடவே தகவல் சேகரிக்கும் படிவத்தை வெறுமையாகக் கொண்டு வரச் சொல்கிறேன். பிழைகள் பெரும்பாலும் அந்தப் படிவத்தில்தான் ஒளிந்திருக்கின்றன. பேராசிரியர்களை மட்டும் கூப்பிட்டால் போதாது. சிஸ்டர், ஆய்வகத்தில் இருப்பவர், ரெக்கார்டு அறையில் இருப்பவர், எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும்.

இரைப்பைக் கிருமியான ஹெலிகோபாக்டரைக் கண்டுபிடித்த கதையை நினைத்துப் பாருங்கள். பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அனுப்பியவற்றில், முதல் முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மாதிரிகளில் எதுவும் வளரவில்லை. இரண்டு நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் கிருமி வளர்க்கும் தட்டுகளைத் தூக்கிப்போடுவது அந்த ஆய்வகத்தின் வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு கூடுதல் நாட்கள் இருந்துவிட்டது, கிருமி வளர்ந்தது. 2005இல் நோபல் பரிசு. ‘எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு எவ்வளவு மதிப்பு என்று இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

‘சொன்னால் யோசனையை எடுத்துக்கொள்வார்களே’ என்ற பயம் பொய்யில்லை. தேதி போட்ட அந்த ஒரு பக்கத்தைத் துறைத் தலைவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பேசுங்கள். யார் பெயர் கட்டுரையில் வரும் என்பதையும் அன்றே பேசிவிடுங்கள், பிறகு பேசினால் மனக்கசப்புதான். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: கணிசமான பங்களிப்பு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பொறுப்பேற்பு. நான்கும் வேண்டும். ஒரு கருத்து மட்டும் சொன்னவருக்கு நன்றியுரையில் இடம்.

சரி, நோயாளி விவரம்? பெயரை அழித்தால் மட்டும் போதாது. ஸ்கேன் படத்தின் ஓரத்தில் அவருடைய எண் இருக்கும். அபூர்வ நோயோடு வயதும் மருத்துவமனையில் சேர்ந்த தேதியும் இருந்தால் வார்டில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட விவரம் உள்ள ஸ்லைடை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அப்புறம், இருபது பேரில் கிடைத்த நல்ல முடிவைக் காட்டும்போது ‘இதை வைத்து யாரும் சிகிச்சையை மாற்ற வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

என் ஆய்வை நெறிமுறைக் குழுவின் புது அனுமதியோடு மறுபடி தொடங்கினேன். மருந்துப் பாட்டிலில் ஒட்டும் சீட்டிலேயே, ஏற்றும்போதே நேரத்தை எழுதிவிடலாம் என்றது அதே சிஸ்டர்தான். படிவத்தைத் திருத்தினார், தகவல் சேகரித்தார், வரைவை வரிவரியாகப் படித்துத் திருத்தம் சொன்னார், கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து பொறுப்பையும் ஏற்றார். ஆசிரியர் பட்டியலில் என் பெயருக்கு அடுத்து இருப்பது அவர் பெயர்.