சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும்போது மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது?

"கிரியாட்டினின் நார்மலாத்தானே இருக்கு, இன்னும் எதுக்கு மேடம் இந்த மாத்திரை?" சிறுநீரக மாற்று முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வரும்போது கேட்பது இது. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு; அவர்கள் சொல்லும் மாத்திரை, புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கத் தருவது. ஆய்வகத்தில் நான் பார்ப்பதை அவர்களும் ஒருமுறை பார்த்தால் கேட்கமாட்டார்கள்.

ரத்தத்தை ஃபைகால் திரவத்தின் மேல் மெதுவாக விட்டு மையவிலக்கியில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். நடுவில் பாலாடை போல ஒரு மெல்லிய வளையம் நிற்கும். அந்நியமானதைக் கண்டு தாக்கும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் அதில்தான் இருக்கின்றன. அவற்றைக் குழித்தட்டில் இட்டு, ராஜ்மா பயறிலிருந்து எடுக்கும் பி.எச்.ஏ. என்ற புரதத்தால் தூண்டி, 37 டிகிரியில் மூன்று நாள் வைப்போம். செல்கள் பெருகிக் கொத்துக் கொத்தாகத் திரளும். இளஞ்சிவப்பு ஊட்டநீர் அமிலமேறி மஞ்சளாகும். அந்த மாத்திரைகளில் ஒன்றான சைக்ளோஸ்போரின் மருந்தைச் சேர்த்த குழியில் நிறம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். செல்கள் தனித்தனியாகக் கிடக்கும்.

செத்துவிட்டனவா? செத்த செல்லில் மட்டும் ஏறும் ட்ரிபான் நீலச் சாயம் விட்டுப் பார்த்தால் பெரும்பாலானவை உயிரோடுதான் இருக்கின்றன. சைக்ளோஸ்போரினும் அதே வேலைக்குத் தரும் டாக்ரோலிமஸும் செல்லுக்குள் கால்சினியூரின் என்ற நொதியைத் தடுக்கின்றன. அதனால் டி செல்களைப் பெருகச் சொல்லும் இன்டர்லூகின்-2 சுரப்பது அடங்குகிறது. (மைக்கோஃபெனோலேட் என்ற இன்னொரு மாத்திரையின் வழி வேறு, செல் இரண்டாகப் பிரியத் தேவையான டி.என்.ஏ. மூலப்பொருளை அது குறைக்கிறது.) சைக்ளோஸ்போரினைக் கழுவி எடுத்துவிட்டு மறுபடி தூண்டினால், அடங்கிக் கிடந்த அதே செல்கள் பெருகத் தொடங்கும்.

மாற்றுச் சிறுநீரகத்தை அந்நியம் என்று கண்டுகொள்ளும் செல்கள் உங்கள் ரத்தத்திலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கிரியாட்டினின் நார்மலாக இருப்பதே அவற்றை மாத்திரை அடக்கி வைத்திருப்பதால்தான். அந்த மாத்திரையை நீங்களாகப் பாதியாக்கிவிடாதீர்கள், தயவுசெய்து.

குழியில் மருந்தை நான் பிப்பெட்டால் அளந்து விடுகிறேன். உடம்பில் அந்த அளவைக் குடலும் ஈரலும் தீர்மானிக்கின்றன. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸ் அளவை வெகுவாக இறக்கிவிடும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் ஏற்றிவிடும். நாலு நாள் வயிற்றுப்போக்கு இருந்தால்கூட ஏறலாம். எனவே வேறு எந்த மருந்து தொடங்கினாலும், நாட்டு மருந்தானாலும், முதலில் உங்கள் சிறுநீரக மாற்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒருவர் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் ரத்தம் கொடுத்தார். ரத்தத்தில் மருந்தின் அளவு மிக அதிகமாகக் காட்டியது. நல்லவேளை, நேரத்தைக் கேட்டோம்; கேட்காமல் விட்டிருந்தால் அந்த எண்ணைப் பார்த்து டோஸைக் குறைத்திருப்பார்கள். முந்தைய இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்ததைப் போடுவதற்கு முன் எடுக்கும் ரத்தம்தான் எங்களுக்கு வேண்டும். பரிசோதனைக்கு வரும் நாளில் காலை மாத்திரையைக் கையோடு கொண்டுவாருங்கள், ரத்தம் எடுத்ததும் போட்டுக்கொள்ளலாம்.